அடுத்த மாதம் இந்தக் குழந்தை என்ன செய்யும்?

குழந்தைகள் வார்டில் ஒரு குழந்தை குணமாகி வீட்டுக்குக் கிளம்பும் நேரம்தான் பெற்றோரின் காதில் எதுவும் ஏறாத நேரம். அப்பா மருந்துச் சீட்டோடு கீழே போயிருப்பார். அம்மா ஒரு கையில் குழந்தையையும் இன்னொரு கையில் ஃப்ளாஸ்க்கையும் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் எதையாவது விட்டுவிட்டோமா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். வாசலில் ஆட்டோ நிற்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் செவிலியர்களாகிய நாங்கள் மருந்து கொடுக்கும் வேளை, மறுபடி வர வேண்டிய நாள், அபாய அறிகுறிகள், வீட்டில் கவனிக்க வேண்டியவை அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, சொல்லிவிட்டதாகப் பதிவேட்டிலும் எழுதிவிடுகிறோம். சேலத்தில் குழந்தைகள் பிரிவில் நெடுங்காலமாகப் பணிபுரியும் எனக்கு, இந்த வழக்கம் மாற வேண்டும் என்ற எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு வலுத்து வருகிறது. ஊசி போடுவதும் நீராவி பிடிப்பதும் எப்படிச் செவிலியப் பணியோ, அப்படியே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதும் பணியின் ஒரு பகுதி. அதற்கென்று நேரமும் இடமும் முறையும் வேண்டும்.

முறை என்று நான் சொல்வது இதுதான். குழந்தைக்கு இன்றைக்கு என்ன ஆபத்து என்பதைச் சொன்னால் போதாது. அடுத்த மாதம் அது புதிதாக என்ன செய்யத் தொடங்கும் என்பதையும், அதனால் வீட்டில் எந்தப் பொருள் இடம் மாற வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். வார்டுக்கு விபத்தோடு வரும் குழந்தைகளின் பெற்றோர் வாயிலிருந்து நான் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "நேத்து வரைக்கும் குப்புறவே விழலைங்க சிஸ்டர்." கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையின் அம்மா இதைச் சொல்வார். "நேத்து வரைக்கும் அந்த மேசை எட்டலைங்க" என்று காபி கொட்டிய குழந்தையின் அப்பா சொல்வார். அவர்கள் பொய் சொல்லவில்லை, அலட்சியமாகவும் இருக்கவில்லை. நேற்று வரை செய்யாததை இன்று செய்வதற்குப் பெயர்தான் வளர்ச்சி. வீட்டிலுள்ளவர்கள் நேற்றைய குழந்தைக்கு ஏற்றபடி வீட்டை வைத்திருக்கிறார்கள். குழந்தை ஒரு நாள் முந்திவிடுகிறது.

நம் தடுப்பூசி அட்டவணையை எடுத்துப் பார்த்தால் இதில் இன்னொரு சிக்கலும் தெரியும். பிறந்தவுடன் போடும் ஊசிகளுக்குப் பிறகு 6, 10, 14 வாரங்களில் தாய்மார்கள் புதன்கிழமைகளில் துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தவறாமல் வருகிறார்கள். அதற்கு அடுத்த அரசுத் தடுப்பூசி 9 மாதம் முடிந்து போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. இடையில் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மாதம், குழந்தைக்கு நோய் ஏதும் வராவிட்டால், செவிலியரைப் பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. அந்த ஐந்தே முக்கால் மாதத்தில்தான் குழந்தை குப்புற விழுகிறது, வயிற்றால் நீந்துகிறது, உட்காருகிறது, தவழ்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது, திட உணவு தின்னத் தொடங்குகிறது. வாழ்நாளிலேயே மிக வேகமாக மாறும் பருவத்தில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போகிறது. ஆகவே 14-ஆவது வார ஊசியின்போதே, மடியில் அசையாமல் படுத்திருக்கும் அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு, தவழும் குழந்தையைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படிப் பேசும்போது, வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் எனக்குக் கைகொடுத்தது மருத்துவப் பாடநூலின் வளர்ச்சி அட்டவணையைவிடப் பிள்ளைத்தமிழ்தான். காப்பு மூன்றாம் மாதம், செங்கீரை ஐந்தாம் மாதம், தால் ஏழாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், முத்தம் பதினோராம் மாதம், வருகை பதின்மூன்றாம் மாதம் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவம், இன்றைய குழந்தை மருத்துவம் 4 முதல் 6 மாதத்துக்குள் எதிர்பார்க்கும் தலை நிமிர்த்தலோடும் புரளலோடும் ஒத்துப்போகிறது. உட்கார்ந்து கை கொட்டும் சப்பாணிப் பருவம், துணையின்றி உட்கார்ந்து இரண்டு கைகளையும் உடம்பின் நடுவில் கொண்டுவரும் 9 மாத வளர்ச்சியே. நம் முன்னோர் குழந்தையை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். செங்கீரை ஆடத் தொடங்குவதற்கு முன்பே குழந்தையைக் கட்டில் ஓரத்திலிருந்து இறக்கித் தரையில் பாயில் விட்டுவிட வேண்டும், சப்பாணி கொட்டுவதற்கு முன்பே தரையைக் கூட்டித் துடைத்துச் சில்லறைப் பொருள்களை மேலேற்றிவிட வேண்டும் என்று சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் உடனே தலையசைத்துக் கணக்கு வைத்துக்கொள்கிறார்.

தூளியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய சேலையில் கட்டிய தூளி நம் வீடுகளில் எளிதில் மறையப்போவதில்லை. மறைய வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் துணி குழிந்து குழந்தையின் தாடை மார்போடு ஒட்டிக்கொண்டால், அந்தச் சிறிய மூச்சுக்குழல் மடங்கிக் குறுகும். தூங்கிய பின் குழந்தையை எடுத்துச் சமமான விரிப்பில், மல்லாக்க, தலையணை இல்லாமல் படுக்க வைப்பதே நல்லது. குழந்தை புரளத் தொடங்கியதும் தூளியில் தனியாக விடக் கூடாது. தூளி காலியாக இருக்கும் நேரத்திலும் ஆபத்து உண்டு. வீட்டிலிருக்கும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து சுற்றி விளையாடுவார்கள்; சேலை முறுக்கேறிக் கழுத்தைச் சுற்றினால் கத்துவதற்குக்கூடக் குரல் வராது. குழந்தையை எடுத்தவுடன் தூளியைத் தூக்கி உயரத்தில் முடிச்சிட்டுவிட வேண்டும்.

சேலத்துக்கே உரிய ஆபத்து ஒன்றை நான் எப்போதும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு போன்ற பகுதிகளில் வெள்ளிக் கொலுசு வேலை பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கும் தொழில். முன்னறையில் பட்டறை இருக்கும். அதே அறையில் மதியம் குழந்தை தூங்கும். "வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள்" என்ற கேள்வி நோயாளிப் படிவத்தில் வருமானத்துக்காகக் கேட்கப்படுகிறது. குழந்தையின் பாதுகாப்புக்காக அதை இன்னொரு முறை கேட்க வேண்டும். சளிக்காகச் சேர்க்கப்பட்டிருந்த எட்டரை மாதப் பெண் குழந்தையின் பாட்டியிடம் ஒரு நாள் மதியம் இதைப் பேசினேன். கொலுசுக்குச் சலங்கை கோக்கும் வேலை அந்த வீட்டில். முத்து கீழே சிந்துமா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார்.

"சிந்தாம எப்படிக் கண்ணு இருக்கும்? எம் புள்ளைங்க எல்லாம் அந்த முத்துலயேதான் வளந்துச்சு."

"சரிங்க ஆயா. இந்த இட்லியில ஒரு துணுக்கு எடுத்துத் தட்டு மேல வைங்க, பாப்பா என்ன செய்யுதுன்னு பாப்போம்."

அவர் கடுகளவு கிள்ளி வைத்தார். குழந்தை முதலில் உள்ளங்கையால் தட்டை வாரியது, துணுக்கு நழுவியது. இரண்டாவது முறையும் வாரியது. மூன்றாவது முறை கையைத் தட்டின்மேல் ஊன்றி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றுசேர்த்து, நடுங்கி நடுங்கி அந்தத் துணுக்கைக் கிள்ளி எடுத்து நேரே வாய்க்குக் கொண்டுபோனது. பாட்டியின் முகம் மாறியது. "இது எப்பக் கத்துக்கிச்சு?" என்று மட்டும் கேட்டார். 9-ஆம், 10-ஆம் மாதத்தில் கைகூடும் இந்தக் கிள்ளிப் பிடிக்கும் திறன் நரம்பு வளர்ச்சியின் பெரிய மைல்கல். நாங்கள் அதைப் பார்த்து மகிழ்கிறோம். அதே நாள் முதல் தரையில் கிடக்கும் சலங்கை முத்து, தோட்டின் திருகாணி, கடலைப் பருப்பு, பொத்தான், புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை எல்லாம் அதன் வாய்க்குள் போகக்கூடியவை ஆகிவிடுகின்றன. கைக்குழந்தையின் மூச்சுக்குழல் ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் தடிமன்தான். அந்தப் பாட்டியிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: வேலை முடிந்து கூட்டிய பிறகு, தரையில் குழந்தை உயரத்துக்குக் குனிந்து, சுவர் ஓரத்தையும் பாயின் அடியையும் ஒரு முறை பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முத்து, தவழும் கண்ணுக்கு நேரெதிரே மின்னும்.

பொருள் தொண்டையில் சிக்கிவிட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்லால் விளக்கிப் பயனில்லை. பொம்மையை வைத்துச் செய்து காட்டி, அவர்களையும் செய்ய வைக்க வேண்டும். குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிட வேண்டும். அதன் இருமலே மிகச் சிறந்த மருந்து. சத்தம் வராமல், அழ முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி தாடையைத் தாங்கிப் பிடித்து, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு முதுகில் 5 தட்டலும், பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக 5 அழுத்தலும். மயங்கிவிட்டால் 108-ஐ அழைத்துக்கொண்டே மார்பை அழுத்தி மூச்சு ஊதத் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரலை விட்டுத் துழாவவே கூடாது; அது பொருளை இன்னும் கீழே தள்ளிவிடும். நிலக்கடலையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை: தின்றுகொண்டிருந்த குழந்தை திடீரென்று புரையேறி இருமிப் பிறகு ஒன்றுமே நடக்காதது போல் விளையாடினால், கடலை வெளியே வந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அது நுரையீரலின் ஒரு கிளைக்குள் இறங்கியிருக்கலாம். பல நாள் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீசிங்கோடும் காய்ச்சலோடும் வரும் பிள்ளைகளிடம் விசாரித்தால் பல நேரம் அந்தப் புரையேறிய மாலை நினைவுக்கு வரும். ஐந்து வயதுவரை முழுக் கடலை வேண்டாம், பொடித்துக் கொடுக்கலாம்.

கொலுசுப் பட்டறையில் முத்துக்கு அடுத்தது திராவகம். இதோடு மண்ணெண்ணெய், தின்னர், கழிப்பறை கழுவும் அமிலம், வயலுக்கு அடிக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் ஒன்றே: குடிநீர் பாட்டில். தண்ணீர் வாங்கிக் குடித்த பாட்டிலில், குளிர்பானப் பாட்டிலில் இவற்றை ஊற்றி வைக்கிறோம். குழந்தைக்கு அந்தப் பாட்டில் என்றால் தண்ணீர். தாகத்தில் எடுத்துக் குடிக்கிறது. குடித்துவிட்டது தெரிந்தவுடன் உப்புக் கரைசலைக் கொடுத்தோ தொண்டைக்குள் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அமிலம் இறங்கும்போது ஒரு முறை சுட்ட உணவுக்குழாயை ஏறும்போது இன்னொரு முறை சுடும். மண்ணெண்ணெய் ஏறும்போது நுரையீரலுக்குள் நுழைந்து அதைப் புண்ணாக்கும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வர வேண்டும், அவ்வளவே.

நம் பகுதி வீடுகளுக்கென்றே இன்னும் சில நஞ்சுகள் உண்டு. வாசல் தெளிக்கச் சாணத்துக்குப் பதிலாகக் கரைக்கும் சாணிப் பவுடர் கொங்குப் பகுதி முழுவதும் பரவிய வழக்கம். அதன் மஞ்சள் நிறத்துக்கு ஆரமின் என்ற சாயமும் பச்சை நிறத்துக்கு மாலகைட் கிரீன் என்ற சாயமும் காரணம். சாணத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உள்ளே போனால் வலிப்பும் நினைவிழப்பும் வரும், உயிரும் போகும். விடியலில் கரைத்த வாளி வாசலில் நிற்கும், பவுடர் பொட்டலம் சன்னலில் இருக்கும். பூசையறையில் சூடம் இருக்கும்; குழந்தைக்கு அது கற்கண்டு. சூடத்தை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். சளிக்கு எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி மார்பில் தடவுவதும் கைக்குழந்தைக்கு வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டின் விற்பனை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பழைய டியூப் பரணில் கிடக்கும். அதைச் சுவைத்த குழந்தை முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாகவே இருக்கும், ஈரல் அதன் பிறகுதான் கெடும். "விளையாடிக்கிட்டுதானே இருக்கான்" என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத நஞ்சு அது.

வெந்நீர்ச் சூட்டுக்கும் தண்ணீருக்கும் நான் பெற்றோரிடம் அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை, சொன்னவுடன் புரிந்துகொள்கிறார்கள். சோறு வடிக்கும் பாத்திரமும் ரசச் சட்டியும் தரையில் இருக்கக் கூடாது. சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இங்க், பற்பசை, தோசை மாவு, மஞ்சள் எதையும் தடவாமல் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு வர வேண்டும். தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைக்கும் டிரம்மும் அண்டாவும் மூடியிருக்க வேண்டும். குளியலறை வாளி காலியாகக் கவிழ்ந்திருக்க வேண்டும். நடை பழகும் குழந்தைக்குத் தலையே கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானே நிமிர முடியாது. ஒரு சாண் தண்ணீரே போதும், சத்தமும் வராது. தூக்கியவுடன் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். மூச்சில்லையென்றால் வாயில் மூச்சு ஊத வேண்டும்.

மருந்தளவுக்குத்தான் நேரம் வேண்டும். காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் ஒரே பெயரில், ஒரே நிறப் பெட்டியில், மூன்று அடர்த்தியில் வருகிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று எழுதிய சிரப்பில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம்தான். 5 மில்லிக்கு 250 என்று எழுதியதில் 50. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், 10 கிலோக் குழந்தைக்கு 150 மில்லிகிராம் வேண்டும். அது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, முதல் சிரப்பில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. அக்காவின் குழந்தைக்கு எழுதிய சிரப்பின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு, தங்கையின் குழந்தைக்குச் சொட்டு மருந்தில் 6 மில்லி ஊற்றினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டும்போது பெற்றோர் திடுக்கிடுகிறார்கள். நான் மூன்று பாட்டில்களையும் மேசைமேல் வைத்து, எழுத்தைப் படிக்கச் சொல்லி, மருந்தோடு வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து காட்டச் சொல்கிறேன். வீட்டுக் கரண்டி வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். காய்ச்சல் இறங்கவில்லை என்பதற்காக இடையில் இன்னொரு முறை ஊற்றக் கூடாது. காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பல்லுக்கிடையில் கரண்டியை வைப்பதும் இன்னும் நடக்கின்றன. ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்த்து, 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஏற்காட்டிலிருந்தும் சேர்வராயன் மலையின் உள்கிராமங்களிலிருந்தும் வரும் குடும்பங்களுக்கு இதே பாடத்தைச் சற்று மாற்றித்தான் சொல்ல வேண்டும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். உள்கிராமத்துக்கு அதற்கும் மேல். நகரத்து அம்மாவிடம் "மூச்சு வாங்கினால் கூட்டி வாருங்கள்" என்றால் போதும். மலையில் இருப்பவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கைப்பேசியில் ஒரு முழு நிமிடம் வைத்து, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ஐ எட்டினாலும், 2 முதல் 12 மாதம்வரை 50-ஐ எட்டினாலும், 1 முதல் 5 வயதுவரை 40-ஐ எட்டினாலும் அது வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே உள்வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், 108-ஐ அழைத்துவிட வேண்டும். இதை வார்டிலேயே, பக்கத்துக் கட்டில் குழந்தையையும் சேர்த்து, அம்மாக்களை எண்ணவைத்துப் பழக்கலாம். அவர்கள் எண்ணும் எண்ணும் நாங்கள் எண்ணும் எண்ணும் விரைவிலேயே ஒத்துப்போகும்.

மலைக் குளிருக்கு அறைக்குள் கரி மூட்டிக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு படுப்பது உயிருக்கே உலை. கரிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். பெரியவர்களைவிட வேகமாக மூச்சுவிடும் குழந்தையைத்தான் முதலில் தாக்கும். அடுப்பு வெளியே இருக்கட்டும், குழந்தைக்கு இன்னும் ஒரு கம்பளி போர்த்துங்கள் என்று சொல்கிறேன். வெந்நீர் போட வாளிக்குள் மின் கம்பியைத் தொங்கவிடும் வழக்கமும் மலை வீடுகளில் அதிகம். நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் அது கூடாது.

காபித் தோட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளுக்காக 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே காப்பகம் வேண்டுமென்று சொன்னது. அது 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்த, அல்லது அவர்களுடைய குழந்தைகள் 20 பேராவது இருந்த தோட்டத்துக்கு. சிறு தோட்டங்களுக்குப் போகும் அம்மாவின் குழந்தையைப் பெரும்பாலும் பாட்டியோ, பள்ளி விடுமுறையென்றால் எட்டு வயது அக்காவோதான் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படியானால் அந்த அக்காவுக்கும்தான் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். பார்வையாளர் நேரத்தில் வரும் அந்தச் சிறுமியை வெளியே அனுப்பாமல், பொம்மையைக் கையில் கொடுத்து முதுகில் தட்டச் சொன்னால், பெரியவர்களைவிடக் கருத்தாகச் செய்கிறாள். எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் அந்தச் சுமையை ஏற்றுவது நியாயமல்ல என்பது எனக்குத் தெரியும். சுமை ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்ட வீட்டில் அவளைத் தெரியாதவளாக விடுவது அதைவிட அநியாயம்.

மலைப்பாதையில் இருசக்கர வாகனத்தின் பெட்ரோல் டாங்கின்மேல் குழந்தையை உட்காரவைத்து இறங்குகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். 9 மாதம் முதல் 4 வயதுவரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழந்தைக்கு ஏற்ற அளவில் தலைக்கவசம் எங்கே கிடைக்கும் என்று கேட்கும் அப்பாக்கள் இப்போது சிலர் வருகிறார்கள். கேட்கிறார்களே என்று எனக்கு மகிழ்ச்சி.

சொல்லும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விபத்தோடு வந்திருக்கும் அம்மாவைத் திட்டுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. "என்ன பண்ணிட்டு இருந்த" என்று மாமியார் கேட்டு, கணவர் கேட்டு, கடைசியில் செவிலியரும் கேட்கிறார். திட்டு வாங்கியவருக்கு அடுத்த முறை மறைக்கத்தான் தோன்றும். குழந்தை எதைக் குடித்தது, எத்தனை மணிக்குக் குடித்தது என்ற உண்மை எங்களுக்குக் கிடைக்காமல் போகும். காயத்தைக் கவனித்து முடித்து, குழந்தை தூங்கிய பிறகு, பாட்டியையும் அருகில் உட்காரவைத்து, அந்தப் பொருள் வீட்டில் எங்கே இருந்தது, இனி எங்கே இருக்கும் என்று மட்டும் பேசினால் போதும். பேசிய பிறகு "புரிஞ்சுதுங்களா" என்று நான் கேட்பதில்லை, எல்லாரும் புரிந்தது என்றே சொல்வார்கள். "வீட்டுக்குப் போனதும் அவங்க அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேட்பேன். விட்டுப்போன இடம் அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்த மாதத்தைப் பற்றிப் பேசும் பழக்கத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. எதிர்பார்த்தது வராதபோது பெற்றோரே முதலில் கவனித்துவிடுகிறார்கள். 4 மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டாலும், 9 மாதம் முடிந்தும் துணையின்றி உட்காராவிட்டாலும், 18 மாதத்தில் நடக்காவிட்டாலும், ஒரு வார்த்தையும் பேசாவிட்டாலும், கற்றதை எந்த வயதில் இழந்தாலும் காத்திருக்கக் கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயதுவரை, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துக் கணக்கிட வேண்டும். வீண் கவலையை அது தடுக்கும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற ஆறுதல் நல்ல மனத்தோடு சொல்லப்படுவதுதான், ஆனால் மூளை வளரும் வேகத்தில் அந்த மாதங்கள் திரும்பி வராதவை. 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். பேச்சுப் பயிற்சியும் இயன்முறை மருத்துவமும் அங்கே கட்டணமில்லாமல் கிடைக்கும்.

இனி அந்த ஐந்தே முக்கால் மாத இடைவெளிக்கு வருகிறேன். அதன் நடுவே ஒரு நாள் ஏற்கெனவே இருக்கிறது: 6 மாதம் முடிந்து அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கத் தொடங்கும் நாள். புதிதாகத் திட்டமோ கட்டடமோ வேண்டாம். அன்றைக்குக் கிராம சுகாதார செவிலியர் ஒரு கால்மணி நேரம் அங்கே உட்கார்ந்து, ஒரு பொம்மை, அடர்த்தி மாறிய இரண்டு மருந்துப் பாட்டில்கள், ஒரு இட்லித் துண்டு இவற்றை வைத்துக்கொண்டு நான்கைந்து அம்மாக்களிடம் பேச முடியும். மாவு வாங்க வரும்போது, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவரையும் உடன் அழைத்து வரும்படி அங்கன்வாடிப் பணியாளர் முதல் நாளே சொல்லி அனுப்பிவிட வேண்டும்.